சித்தப்பாவுக்கு ஒரு ஓட்டு

எங்கள் கால்பந்து கிளப்பில் ஒரு மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, வீட்டுக்கு அனுப்பினால் மறுநாள் காலையில் எனக்கு ஒரு வேலை வந்துவிடும். அவருடைய பயிற்சிச் சட்டைகளில் நெஞ்சுப் பக்கம் தைத்திருக்கும் பெயரின் முதலெழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். சட்டை கிளப்புடையது, எழுத்து மட்டும்தான் அவருடையது. பதினாறு வருஷத்தில் பதினோரு பேருடைய எழுத்தைப் பிரித்திருக்கிறேன். இப்போதெல்லாம் தைக்கும்போதே லேசாகத் தைத்துவிடுகிறேன். பின்னால் பிரிக்கச் சுலபமாக இருக்கும்.

எனக்குச் சலவை அறையில் வேலை. பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில், வெந்நீர்க் குழாய்கள் ஓடுகிற நீளமான அறை. மூன்று பெரிய இயந்திரங்கள் உண்டு. மூன்றும் சுற்ற ஆரம்பித்தால் அங்கே யாரும் ரகசியம் பேச முடியாது, கத்தித்தான் பேச வேண்டும். அதனால்தான் உன் குரல் இப்படி ஆகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான் என்பது என் மாமியாருக்குத் தெரியும்.

நான் மேட்ச் பார்ப்பதில்லை. பார்த்தால் வயிறு எரியும். ஆனால் மேட்ச் முடிந்து கூடையில் வந்து விழுகிற துணியைப் பிரித்துப் போடும்போது யார் ஓடினான், யார் நின்றான் என்று சொல்லிவிடுவேன். இடுப்பில் புல்கறை இருந்தால் விழுந்து புரண்டு பந்தைப் பறித்திருக்கிறான். காலர் மட்டும் நனைந்து முதுகு காய்ந்திருந்தால், கையை ஆட்டி ஆட்டி அடுத்தவனை ஏவிக்கொண்டிருந்திருக்கிறான். பேப்பரில் மறுநாள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் அதே கிளப்பில் துணைப் பயிற்சியாளர். பதினான்கு வருஷமாகத் துணை. ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் அவர் சித்தப்பா. அந்த வழியில் நான் சித்தி. இடைவேளையில் மேனேஜர் கத்துவார், பாட்டிலைத் தூக்கி எறிவார். அதற்குப் பிறகு திட்டு வாங்கியவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வது இவர் வேலை. ஒன்றும் பெரிதாகச் சொல்லமாட்டார். "சரி விடு, அடுத்த பாதியில பாத்துக்கலாம்" என்பார். யாருக்கு முழங்கால் வலிக்கிறது, யார் வீட்டில் பெண்டாட்டியோடு சண்டை, யாருக்கு அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எல்லாம் இவருக்குத் தெரியும். யாராவது எதையாவது கேட்டால் இல்லை என்று சொல்ல இவருக்கு நாக்கு புரளாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுத்த ஏணி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வராமல் நாலு வருஷம் ஆகிறது.

ஒரு மேனேஜர் போய் அடுத்தவர் வருகிற வரைக்கும், இடையில் வருகிற இரண்டொரு மேட்சை இவர் பார்த்துக்கொள்வது வழக்கம். அப்படி நாலு தடவையில் ஒன்பது மேட்ச் ஆயிற்று. அதில் ஏழு ஜெயம், ஒன்று சமம். ஊர் முழுக்க இந்தக் கணக்கு மனப்பாடம். சித்தப்பாவையே மேனேஜராகப் போட்டால் என்ன என்று பேருந்தில் கேட்பார்கள், முடிவெட்டும் கடையில் கேட்பார்கள், என்னிடமே வந்து கேட்பார்கள்.

ஏன் ஜெயித்தோம் என்பது எனக்குத் தெரியும். ஒரு மனிதனை வேலையை விட்டுத் துரத்தியதில் தங்களுக்கும் பங்கு உண்டென்று பையன்களுக்கு உள்ளுக்குள் உறுத்தும். அந்த உறுத்தலில் ஓடுவார்கள். சித்தப்பா பேரைக் கெடுக்கக் கூடாது என்றும் ஓடுவார்கள். அந்த இரண்டு வாரமும் பதினோரு சட்டையும் பிழிந்தால் சொட்டுகிற ஈரத்தோடு வரும். மூன்றாவது வாரம் முதுகுகள் காய ஆரம்பிக்கும். அதற்குள் புது மேனேஜர் வந்துவிடுவதால் பழி அவர் தலையில் விழும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் புருஷனைப் பற்றி ஊர் நாலு நல்ல வார்த்தை பேசுவதை நானே எதற்குக் கெடுக்க வேண்டும்?

இந்த வருஷம் பதினோரு மேட்ச் மீதி இருக்கும்போது மேனேஜரை அனுப்பினார்கள். பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தோம். கடைசி மூன்று அணிகள் கீழ் டிவிஷனுக்குப் போகும். கீழே போனால் கிளப்பைப் பாதிக்கு மேல் மூடிவிடுவார்கள், அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் குறைவு. இவர் வழக்கம்போல இரண்டு மேட்ச் பார்த்துக்கொண்டார். இரண்டும் ஜெயித்தோம். இரண்டாவது ஜெயத்தன்று ஆட்டக்காரர்கள் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். துணியில் ஈரம் சொட்டியது. நான்தான் மூன்றாவது வாரத்தை நினைத்துக்கொண்டு பிழிந்தேன்.

புது மேனேஜரைத் தேர்ந்தெடுக்கிற கமிட்டியில் ஏழு பேர். ஆறு பேர் பெரிய மனிதர்கள். ஏழாவது இடம் ஊழியர்களுக்கு. வருஷத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் போவோம். ஊழியர் ஓட்டு என்றால் தலைவர் எந்தப் பக்கம் தலையாட்டுகிறாரோ அந்தப் பக்கம் ஆட்டுவது. நேரமோ என்னவோ, இந்த வருஷம் என் முறை. இந்தத் தடவை இவரையும் மேனேஜர் போட்டியில் நிறுத்தியிருந்தார்கள்.

"புருஷன் போட்டியில இருக்கிறப்ப பொண்டாட்டி எப்படி ஓட்டுப் போடுறது?" என்று ஒருவர் கேட்டார்.

தலைவருக்கு டைல்ஸ் கடை. எதையும் பளபளவென்று பேசுவார். "நம்ம கமிட்டியில மச்சான், சகலை, சம்பந்தின்னு எல்லாரும் உறவுதான். அதையெல்லாம் பாத்தா கூட்டமே நடத்த முடியாது" என்று சொல்லிவிட்டார். கேட்டவர் அவருடைய சகலை.

மேனேஜர் தேர்வு அன்று காலை ஆறரை மணிக்கு நான் சலவை அறையைத் திறந்தபோது வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும், நரைத்த தலை, ஒரு முழங்காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். போட்டோவில் பார்த்திருந்ததால் ஆளைத் தெரிந்தது. இவருக்குத் 'தீயணைப்பு' என்று பட்டப்பெயர். மூழ்கப் போகிற கிளப்புகள் கடைசி இரண்டு மாதத்துக்கு இவரைக் கூப்பிடும். ஐந்து கிளப்புக்குப் போய் மூன்றைக் காப்பாற்றியிருக்கிறார்.

"உள்ள வரலாமாம்மா? கட்டடத்தை ஒரு சுத்து சுத்திப் பாக்கலாம்னு வந்தேன்."

"ரூம் அங்க மேல இருக்கு. இது துணி துவைக்கிற இடம்."

"தெரியும். அதான் வந்தேன்."

நேராகக் கூடைக்குப் போனார். முந்தின நாள் பயிற்சி ஆட்டத் துணி இன்னும் துவைக்காமல் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து முதுகுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். எனக்குப் பகீரென்றது. பதினாறு வருஷத்தில் அந்தக் கூடையை நானல்லாமல் ஒருவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"எட்டாம் நம்பர் கேப்டன்தானே? சட்டை காஞ்சிருக்கே."

"அவன் இடையில சட்டை மாத்துனான். ஈரமானது வேற கூடையில கெடக்கு" என்றேன். பச்சைப் பொய். கேப்டனுக்கு முப்பத்தைந்து வயது, ஓடி ஒரு வருஷம் ஆகிறது. இருபத்தொரு வயதில் வந்தபோது எங்கள் வீட்டில்தான் ஆறு மாதம் தங்கியிருந்தான். அவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் சட்டையை மடித்துக் கூடையில் வைத்தார். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது.

பத்து மணிக்குக் கூட்டம். முதலில் நமக்கு எப்படிப்பட்ட மேனேஜர் தேவை என்று முடிவு பண்ணிக்கொள்வோம் என்றார் தலைவர். செயலாளர் பலகையில் எழுத ஆரம்பித்தார். கறாரான ஆள் வேண்டும் என்றார் ஒருவர். பையன்களை அனுசரித்துப் போகிற ஆள் என்றார் இன்னொருவர். தாக்கி ஆட வைக்க வேண்டும். முதலில் கோல் வாங்காமல் ஆட வைக்க வேண்டும். அனுபவஸ்தராக இருக்க வேண்டும். புது ரத்தமாக இருக்க வேண்டும். நம்ம ஆளாக இருக்க வேண்டும். நம்ம ஆட்களைத் தெரியாதவராக இருந்தால்தான் நல்லது. பலகை நிறைந்துவிட்டது. அப்படி ஒரு மனிதனைப் பெற்றெடுக்க எந்தத் தாய்க்கும் வயிறு போதாது.

"நீ என்னம்மா சொல்றே?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"சட்டையை உள்பக்கம் திருப்பிப் போடாம ஒழுங்காக் கழட்டிப் போடச் சொல்ற ஆளா இருந்தாப் போதும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல அது ஒன்றுதான் சமயம். அதைச் சிரிப்பு காட்டித் தட்டிக் கழித்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். முதலில் ஒரு இளைஞர், கையில் லேப்டாப். நாற்பது நிமிஷம் ஆட்டத் திட்டத்தை அம்பு அம்பாகப் போட்டுக் காட்டினார். மத்தியானமே வேறு கிளப்பில் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. அடுத்தது தீயணைப்பு. உள்ளே வந்தவர் மேஜையில் என்னைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். அப்புறம் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கிளப்புக்கு என்ன தேவைன்னு நெனைக்கிறீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"மீதி இருக்கிற ஒம்போது மேட்ச்ல நல்லா ஆட வைக்க யாராலயும் முடியாது. ஓட வைக்கலாம். கேப்டனையும் இன்னும் ரெண்டு பேரையும் முதல் நாளே வெளிய உக்கார வைப்பேன். என் துணை ஆளை நானே கூட்டிட்டு வருவேன்."

"இங்க இருக்கிற துணை நல்ல மனுஷனாச்சே. பதினாலு வருஷமா இருக்காரு. பசங்களுக்கு அவர்னா உசுரு."

"அதான் சார் பிரச்சினை" என்றார். "தோத்துட்டு வர்றவனுக்குச் சாஞ்சுக்க ஒரு தோள் ரெடியா இருக்கு. எத்தனை பேர் வந்து கத்துனாலும் அவனுக்கு உறைக்காது. கத்துறது ஒரு அஞ்சு நிமிஷம், அப்புறம் சித்தப்பா வந்துருவாரு. நான் வந்தா அவர் இந்தக் கட்டடத்துலயே இருக்கக் கூடாது."

யாரோ இருமினார்கள். செயலாளர் மெதுவாக, "இவங்க அவரோட வீட்டுக்காரம்மா" என்று என்னைக் காட்டினார்.

தீயணைப்பு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சங்கடம் ஒன்றும் இல்லை. "மன்னிச்சுக்கம்மா. அவரைக் கொறைச்சு சொல்லல. அவர் நல்லவர்னுதான் சொன்னேன்."

கோபம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அந்த ஆள் சொன்னது அத்தனையும் சரி. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

மூன்றாவதாக என் வீட்டுக்காரர். நான் காலையில் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. உட்கார்ந்ததும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார், எல்லாரும் பதிலுக்குச் சிரித்தார்கள். பையன்களுக்கு இப்போது தேவை நம்பிக்கைதான் என்றார். தலைவரின் சகலை மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "கேப்டனை வெளிய உக்கார வைப்பீங்களா?"

இவர் மேஜையைப் பார்த்தார். ஒரு பேனாவை நேராக நகர்த்தி வைத்தார். "பேசிப் பாக்குறேன்" என்றார்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனசுதான் வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஓட்டு மறுநாள் காலை. அன்று சாயங்காலம் வீட்டில் அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய செடிக்கே திரும்பவும் ஊற்றினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு எனக்குத்தானே போடுவே?"

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உமக்கு இது ஆகாதய்யா, உம்மால் ஒருத்தனை உட்கார வைக்க முடியாது, மூன்றாவது வாரம் துணி காய்ந்து வரும், அப்புறம் இந்த ஊரே உம்மைத் தின்றுவிடும் என்று எல்லாமே வரிசையாக நின்றன. அவர் முகத்தைப் பார்த்தேன். பதினான்கு வருஷம் இன்னொருத்தர் பின்னால் நின்று பயிற்சிக் கூம்பு அடுக்கிய மனிதன். நான் போடாவிட்டால் தீயணைப்பு வருவார், இவர் வீட்டில் உட்காருவார். பெண்டாட்டியே போடவில்லை என்று எழுதி வைத்த மாதிரி ஆகிவிடும்.

"வேற யாருக்குப் போடுவேன்?" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றியோடு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலுக்கு மூன்று. ஒரே ஓட்டு வித்தியாசம். தலைவர் கைதட்டினார். தீயணைப்பு அடுத்த வாரமே பட்டியலில் எங்களுக்கு ஒரு படி மேலே இருந்த கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தார். நான் என் வீட்டுக்காரருடைய ஐந்து பயிற்சிச் சட்டையிலும் எழுத்துத் தைத்தேன். இரட்டை நூல் போட்டு, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுத் தைத்தேன்.

முதல் மேட்ச் சமம். இரண்டாவதும் சமம். பரவாயில்லையே என்று நானே ஏமாந்தேன். மூன்றாவது வாரம் கூடையில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஆறு சட்டைகள் மடித்து அலமாரியில் வைக்கலாம் போல வந்திருந்தன. மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

இவருக்குத் துணை என்று யாரும் இல்லை. இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருவரைப் போட்டால் இன்னொருவர் மனசு நோகும் என்று இரண்டு பேரையும் போடவில்லை. ஆகவே திட்டுவதும் இவர்தான், பிறகு பக்கத்தில் போய் உட்காருவதும் இவர்தான். கோல்கீப்பர் என்னிடம் வந்து சொன்னான்: "சித்தி, சித்தப்பா ரொம்பக் கத்துறாரு. கத்திட்டு அவரே வந்து தண்ணி குடுக்குறாரு. நாங்க என்னதான் பண்றது, அழறதா சிரிக்கிறதா?"

"ஓடுடா. ஓடித் தொலை. அது ஒண்ணுதான் நீங்க பண்ணாதது" என்றேன். பாவம், அவன் கோல்கீப்பர், எங்கே ஓடுவான்.

கேப்டனை வெளியே உட்கார வைக்க இவருக்கு ஐந்து மேட்ச் பிடித்தது. ஐந்தாவது மேட்சும் தோற்ற பிறகு ஒருநாள் காலை எழுந்ததிலிருந்து வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் தேய்க்கும்போதும் சொன்னார், செருப்பு மாட்டும்போதும் சொன்னார். அன்று மத்தியானம் கேப்டன் சலவை அறைக்கு வந்தான். இயந்திரத்தில் சாய்ந்து நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"வேற யாராவது சொல்லியிருந்தா சரின்னு போயிருப்பேன் சித்தி. இவர் ஏன் சொன்னாரு? சொல்லிட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டு அவரும் அழறாரு."

நான் ஒரு துண்டை எடுத்து அவன் மூஞ்சியில் போட்டேன். வேறென்ன செய்வது. அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய ஆள் மேலே மேனேஜர் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கை ஸ்டியரிங்கில் இருக்கும், வண்டி ஓடாது. நானும் போய்க் கூப்பிடமாட்டேன். கூப்பிட்டால் என்ன பேசுவது? மற்ற மேனேஜர்களுக்கு ஜனங்கள் கெட்ட வார்த்தையில் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். இவருக்கு யாரும் பாடவில்லை. முடிவெட்டும் கடைக்காரர், "பரவாயில்ல சித்தப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாராம். அன்றைக்குப் பாதி வெட்டியதோடு எழுந்து வந்துவிட்டார். மீதியை நான்தான் வெட்டிவிட்டேன்.

கடைசி மேட்ச். ஜெயித்தால் தப்பிக்கலாம். அன்று மட்டும் நான் மேலே போய்ப் படிக்கட்டு ஓரத்தில் நின்று பார்த்தேன். பையன்கள் ஓடினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். இவர் கோட்டுக்கு வெளியே நின்று கையைத் தூக்கி எதையோ சொல்லவந்து, சொல்லாமல் கையை இறக்கினார். திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார். ஒன்றுக்கு ஒன்று. சமம் போதாது. எங்களை விட்டுப் போன தீயணைப்பு அங்கே தன் கிளப்பை இரண்டு புள்ளி வித்தியாசத்தில் கரையேற்றிவிட்டார்.

மறுநாள் காலை கமிட்டி கூடியது. தலைவர் இவரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே வேலையை விட்டு அனுப்பினார். கீழ் டிவிஷனுக்கு ஒரு புது ஆரம்பம் தேவை என்று கடிதத்தில் எழுதியிருந்தது. அதற்கும் ஓட்டெடுத்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். இதுவரை அனுப்பிய பதினோரு மேனேஜருக்கும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேறு ஊர் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இதுதான் ஊர்.

மத்தியானம் சலவை அறைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். அன்று கவிழ்த்து வைத்த கூடை மேல் உட்கார்ந்தார். நான் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.

"உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"என்ன தெரியும்?"

"இது ஆகாதுன்னு. துணியைப் பாத்தே எல்லாம் சொல்லுவியே. இது தெரியாமலா இருந்திருக்கும்?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. "தெரியும்" என்றேன்.

"அப்புறம் ஏன் எனக்குப் போட்டே?"

"நீங்கதானே கேட்டீங்க!" எனக்குக் குரல் உடைந்தது. "எதிர்ல உக்காந்து, எனக்குத்தானே ஓட்டுன்னு நீங்கதானே கேட்டீங்க. போடமாட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்? அந்தத் தீயணைப்பு வந்தா உங்களைக் கட்டடத்தை விட்டே அனுப்பிருவான். உங்களுக்குத் தெரியுமா அது?"

"தெரியும். அன்னிக்கே செயலாளர் சொல்லிட்டார். போனாப் போகட்டும்னுதான் இருந்தேன். வேற எங்கயாவது துணையாச் சேந்திருப்பேன். எனக்கு அது தெரியும், அந்த வேலை." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இனிமே யாரு கூப்பிடுவா? கிளப்பைக் கீழ எறக்குன மேனேஜரை."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க? வேணாம்னு இருந்தா எதுக்கு என்கிட்ட வந்து கேட்டீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "எல்லாரும் ஆசைப்பட்டாங்க. தலைவர் கேக்குறாரு, பசங்க தோள்ல தூக்குறானுங்க, தெருவுல கேக்குறாங்க. அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உன்கிட்ட கேட்டா நீ திட்டுவேன்னு நெனைச்சேன். உமக்கெல்லாம் எதுக்குய்யா இது, பேசாம கெடயும்னு ஒரு வார்த்தை சொல்லுவே, என் பொண்டாட்டி விடமாட்டேங்கிறான்னு சொல்லி நின்னுடலாம்னு நெனைச்சேன். நீ பாட்டுக்குச் சரின்னுட்டே. யோசிச்சுத்தான் சொல்றியான்னு திரும்பக்கூட கேட்டேனே."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அப்படிச் சொல்லத் தெரிந்தவராக இருந்திருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது. பதினாறு வருஷமாக இந்த அறையில் கத்திக்கொண்டிருக்கிறேன். கேப்டனைத் திட்டியிருக்கிறேன், மேனேஜர்களைத் திட்டியிருக்கிறேன், தலைவரை முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறேன். இந்த மனிதனை ஒரு நாளைக்கு நாலு தடவை திட்டாமல் எனக்குப் பொழுது போனதில்லை. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் நல்ல பெண்டாட்டியாக இருந்து தொலைத்தேன்.